புதிதாக்கிய நூலக இணையதளத்துக்குப் பயன்பாட்டுச் சோதனை: திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் ஒரு பொது நூலகத்தின் இணையதளத்தைப் புதிதாக்கினார்கள். அது மக்களுக்குப் பயன்படுகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை வாசகர் வட்டத்தின் வழியாக என்னிடம் வந்தது. சிலரை அழைத்து, தளத்தில் செய்யச் சில பணிகளைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் பயன்பாட்டுச் சோதனை. அதற்குப் பிறகு வேறு இரண்டு நூலகங்களில், இதே வேலையை முதல்முறை செய்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். முதல் நாளே ஆட்களை அழைத்துவிடுகிறார்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு, என்ன கேட்பது என்று யோசிக்கிறார்கள்.

இந்த வழிகாட்டியில் ஆட்களை அழைப்பது ஆறாவது படி. அதற்கு முந்தைய ஐந்தும் முடியாமல் அங்கே தாவினால், வந்தவர்களின் நேரம் வீணாகும். இரண்டாம் முறை கூப்பிட்டால் அவர்கள் வரவும் மாட்டார்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே மாலைகளில் திட்டமிடுவதாக இருந்தால் மூன்று வாரம் ஒதுக்குங்கள். சோதனை இரண்டு நாளில் முடிந்துவிடும். முன்வேலைதான் நேரத்தைத் தின்னும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புதிய தளம் முழு நூற்பட்டியலோடு இயங்க வேண்டும். ஐம்பது மாதிரிப் புத்தகங்களை மட்டும் ஏற்றிய தளத்தில் தேடலைச் சோதித்துப் பயனில்லை. எதைத் தேடினாலும் “முடிவுகள் இல்லை” என்று வரும். அது வடிவமைப்பின் குறையா, பட்டியலின் குறையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பழைய தளம் இன்னும் திறக்க வேண்டும். ஏன் என்பதை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

உங்களைத் தவிர இன்னொருவர் வேண்டும். ஒருவர் பேசுவார், மற்றவர் எழுதுவார். இரண்டையும் ஒருவரே செய்தால் எழுதக் குனியும் நேரத்தில்தான் முக்கியமான தடுமாற்றம் நடந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தளத்தை மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவர் “பார்த்துவிட்டு மாற்றுகிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

1. எதை மாற்றத் தயார் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே கேள்வி: இந்தச் சோதனை முடிந்ததும் எந்தெந்த முடிவுகளை எடுக்கப் போகிறோம்? எங்கள் தாளில் மூன்று வரிகள் இருந்தன. முகப்பில் தேடல் பெட்டி ஒன்று போதுமா, புத்தகத்துக்கும் இதழ்களுக்கும் தனித்தனியாக வேண்டுமா. “என் கணக்கு” என்ற பெயர் புரிகிறதா. நூலக நேரம் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக் குறுக்கிக்கொள்ளாமல் “தளம் எப்படி இருக்கிறது” என்று பார்க்கப் போனால் கிடைக்கிற பதில் “நன்றாக இருக்கிறது” என்பதுதான். நம் ஊரில் வீட்டுக்கு வந்த விருந்தாளி சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார். அதே மரியாதையை இணையதளத்துக்கும் தருவார்.

தளத்தை உருவாக்கியவர்களிடம் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்: ஒப்பந்தத்தில் இன்னும் எவ்வளவு திருத்தத்துக்கு இடம் இருக்கிறது? ஒரு நூலகத்தில் இதைக் கேட்காமல் ஆறு பேரை வைத்துச் சோதனை நடத்தினோம். அறிக்கையைக் கொடுத்த பிறகுதான், இனி அடுத்த நிதியாண்டில்தான் கை வைக்க முடியும் என்றார்கள். அந்த ஆறு பேரையும் இப்போது தெருவில் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2. பழைய தளத்தை மூட விடாதீர்கள்

புதிய தளத்தில் ஐந்து பேரில் மூன்று பேர் தடுமாறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? பழைய தளத்தில் ஐந்து பேரும் தடுமாறியிருந்தால் இது முன்னேற்றம். ஒருவர்கூடத் தடுமாறவில்லை என்றால், செலவு செய்து கெடுத்திருக்கிறோம் என்று பொருள். அதனால் அதே பணிகளைப் பழைய தளத்தில் மூன்று நான்கு பேரைக் கொண்டாவது செய்து பாருங்கள்.

ஒருவரையே இரண்டு தளத்திலும் உட்கார வைக்காதீர்கள். முதலில் கற்றதை இரண்டாவதில் பயன்படுத்திக்கொள்வார். ஆள் கிடைக்காமல் அப்படிச் செய்தே ஆக வேண்டும் என்றால் பாதிப் பேர் பழையதில் தொடங்கட்டும், பாதிப் பேர் புதியதில் தொடங்கட்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பழைய தளத்தில் பழகியவரின் கை, முன்பு பட்டன் இருந்த மூலைக்கே போகும். அந்தத் தடுமாற்றம் பத்து நாளில் மறைந்துவிடும். புதிதாக வருகிறவரின் தடுமாற்றம் மறையாது, ஏனென்றால் தினமும் ஒரு புதியவர் வந்துகொண்டே இருப்பார். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டாமல், தாளில் தனித்தனியாகக் குறியுங்கள்.

பழைய முகப்பையும் புதிய முகப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி “எது பிடித்திருக்கிறது” என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்ணம் அதிகமுள்ளதுதான் ஜெயிக்கும். புடவைக் கடையில் கேட்க வேண்டிய கேள்வி அது.

3. பணிகளை நூலக மேசையிலிருந்து பொறுக்குங்கள்

வேலை நாள் ஒன்றில் காலையிலிருந்து மாலை வரை நூலகரின் மேசைக்கு அருகில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். நேரில் வருகிறவர்களும் தொலைபேசியில் அழைக்கிறவர்களும் கேட்பதை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். எங்கள் நோட்டில் சேர்ந்தவை: ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, குரூப் 4-க்குப் புத்தகம் வந்துவிட்டதா, கார்டு போட யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், பையன் புத்தகத்தைத் தொலைத்துவிட்டான் என்ன செய்வது, அபராதம் எவ்வளவு.

நாள் முழுவதும் ஒருவர்கூட நூலகத்தின் “தொலைநோக்கு” என்ன என்று கேட்கவில்லை. புதிய முகப்பில் பாதி இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது.

அந்த நோட்டிலிருந்து ஐந்து அல்லது ஆறு பணிகளை மட்டும் எடுங்கள். அலுவலகத்தில் ஆளுக்கொன்றாகச் சொல்லிப் பதினைந்தாக்கப் பார்ப்பார்கள், இடம் கொடுக்காதீர்கள். ஆறு பணிகளுக்கே நாற்பது நிமிடம் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் வந்தவர் வீட்டுக்குப் போனால் போதும் என்று கண்ணில் பட்டதை அழுத்தத் தொடங்குவார். அப்போது கிடைக்கும் தகவல் தளத்தைப் பற்றியதாக இருக்காது, அவர் களைப்பைப் பற்றியதாக இருக்கும்.

பணிகளின் வரிசையும் முக்கியம். எளியது முதலில் வரட்டும். கணக்கில் நுழைய வேண்டிய பணியைக் கடைசியில் வையுங்கள். கடவுச்சொல்லில் ஒருமுறை மாட்டிக்கொண்டவரின் முகம் மறுபடி தெளிய நேரமாகும். ஒரு பணியைச் செய்யும்போது அடுத்த பணிக்கான விடை கண்ணில் பட்டுவிடுகிறதா என்றும் பாருங்கள். பட்டால் இரண்டின் இடத்தையும் மாற்றுங்கள்.

4. பணிக்கான சொற்களை எழுதுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள்

அதிகம் பேர் தோற்கும் படி இதுதான். தளத்தில் உள்ள சொல்லையே பணியிலும் எழுதிவிடுகிறார்கள். “மின்வளங்கள் பகுதிக்குச் சென்று ஓர் இதழைத் திறக்கவும்” என்று தாளில் இருந்தால், வந்தவர் மெனுவில் “மின்வளங்கள்” என்ற சொல்லைக் கண்ணால் துழாவி அழுத்துவார். பணி வென்றதாகப் பதிவாகும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாதவர் வீட்டிலிருந்து தேடும்போது என்ன ஆகும் என்பது கடைசிவரை தெரியாது.

அதையே இப்படி எழுதலாம்: “மழை. நூலகத்துக்குப் போக முடியவில்லை. வீட்டிலிருந்தே போனில் படிக்க இந்த நூலகம் ஏதாவது தருகிறதா என்று பாருங்கள்.” மெனுவில் உள்ள ஒரு சொல்கூட இதில் இல்லை.

“புத்தகத்தைப் புதுப்பிக்கவும்” என்று எழுதாதீர்கள். “நீங்கள் எடுத்த புத்தகத்தை நாளை திருப்பித் தர வேண்டும். திருத்தணியில் உறவினர் வீட்டில் இருக்கிறீர்கள், வர நான்கு நாள் ஆகும். என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். ஒருவர் தளத்தைப் பார்க்காமலே “நூலகருக்கு போன் செய்வேன்” என்றார். அதுவும் ஒரு விடைதான், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு “போன் எடுக்கவில்லை என்றால்?” என்று தொடருங்கள்.

“நூலக நேரத்தைக் கண்டுபிடிக்கவும்” என்பதைவிட, “வரும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் போனால் உட்கார்ந்து படிக்க முடியுமா?” என்பது கூர்மையான கேள்வி. எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நேரம் கண்ணில் பட்டும் விடுமுறைக் குறிப்பு கண்ணில் படாமல் “போகலாம்” என்று உறுதியாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். நேரம் பெரிய எழுத்திலும், விடுமுறை பக்கத்தின் அடியில் சிறிய எழுத்திலும் இருந்ததுதான் காரணம்.

இதனால்தான் ஒவ்வொரு பணிக்கும் எது முடிவு என்பதை முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன். நான் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறேன்: தானே முடித்தார், சிறு உதவியோடு முடித்தார், முடியாமல் விட்டார், முடிக்காமலே முடித்ததாக நினைத்தார். நான்காவதுதான் ஆபத்தானது. மூன்றாம் வகையினர் நூலகத்துக்கு போன் செய்து கேட்பார்கள். நான்காம் வகையினர் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்ப்பார்கள்.

பணிகளைத் தனித்தனி அட்டையில் எழுதிக் கொடுப்பது வழக்கம். தேடல் பணிகளுக்கு மட்டும் அட்டை வேண்டாம், வாயால் சொல்லுங்கள். அட்டையில் “கணினி” என்று இருந்தால் பார்த்து அப்படியே தட்டுவார். காதால் கேட்டால் கணினி, கணிப்பொறி, கம்ப்யூட்டர் என்று தனக்கு வருவதைத் தட்டுவார். நமக்கு வேண்டியது அதுதான்.

5. பட்டியலையும் எழுத்துகளையும் கணக்குகளையும் தயார் செய்யுங்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் படி ஒரு வரியில் முடிந்துவிடும். தமிழ் நூற்பட்டியலுக்கு ஒரு முழு மாலை ஒதுக்க வேண்டும்.

ஆட்கள் வருவதற்கு முன் நீங்களே சில சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒருங்குறியில் (யூனிகோடில்) “கொ” என்பதில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிக் கொள்ளாவிட்டால், அலமாரியில் இருக்கும் புத்தகம் தேடலில் வராது. “ஔ” என்ற ஒரே எழுத்துக்குப் பதில் “ஒ”வும் “ள”வும் சேர்த்துத் தட்டச்சு செய்த பதிவுகளும் கட்டாயம் இருக்கும். பழைய எழுத்துருக் குறியீட்டிலிருந்து மாற்றிய பதிவுகளில் அங்கங்கே எழுத்துகள் உடைந்திருக்கலாம். ஜோதிடம் என்று தேடினால் சோதிடமும் வருகிறதா, ஆசிரியரின் முதலெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டால் ஒன்றும் விடாவிட்டால் ஒன்றும் வருகிறதா என்றும் பாருங்கள்.

பலர் தமிழ்ப் புத்தகத்தையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார்கள். “தொழில்” என்ற சொல்லில் “ழ”வுக்கு ஒருவர் இசட் எச் போடுகிறார், இன்னொருவர் எல் போடுகிறார். தளம் இதைத் தாங்குமா, தாங்காது என்றால் அதை எப்படிச் சொல்கிறது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பிழைகளை முன்கூட்டியே கண்டு சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் தனியாக உட்கார்ந்து அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறில் ஐந்து பேரை மோத விடக்கூடாது. அவர்கள் எல்லோரும் அதிலேயே நின்றுவிட்டால், அதற்கு அடுத்த பக்கத்தில் என்ன சிக்கல் என்று பார்க்க வாய்ப்பே வராது.

தேடல் முடிவில் 894.811 போன்ற எண்கள் தெரியும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கான எண் அது. நூலகத்தில் வேலை பார்ப்பவருக்கு அதுவே முகவரி, வாசகருக்கு வெறும் எண். புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லச் சொல்லி ஒரு பணி வைப்பது நல்லது. ஒரு கல்லூரி மாணவர் அதை விலை என்று நினைத்தார்.

கணக்குகளுக்கு வருவோம். எல்லோருக்கும் பொதுவாக ஒரே பயிற்சிக் கணக்கை வைப்பது புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. முதலாமவர் புத்தகத்தைப் புதுப்பித்துவிடுவார். இரண்டாமவருக்குப் புதுப்பிக்க ஒன்றும் இருக்காது. ஆளுக்கொரு கணக்கு உருவாக்கி, ஒவ்வொன்றிலும் நாளை திருப்ப வேண்டிய புத்தகம் ஒன்றை ஏற்றிவையுங்கள். உள்ளே நுழைய ஓ.டி.பி. வரும் என்றால் அது யாருடைய போனுக்கு வரும் என்றும் பாருங்கள். ஒருமுறை அது ஒரு நூலக ஊழியரின் கைப்பேசிக்குப் போனது, அவர் அப்போது மதிய உணவுக்குப் போயிருந்தார்.

6. இப்போது ஆட்களைத் தேடுங்கள்

எத்தனை பேர்? 1993-இல் பயன்பாட்டு ஆய்வாளர்கள் யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் பல சோதனைகளை ஆராய்ந்தபோது, ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொணர்ந்தார். அந்தக் கணக்குப்படி மூன்று பேர் சுமார் 67 சதவீதத்தையும் ஐந்து பேர் சுமார் 84 சதவீதத்தையும் காட்டுவார்கள். “ஐந்து பேர் போதும்” என்ற பேச்சு இங்கிருந்து வந்தது. ஆனால் 31 என்பது சராசரிதான். பத்தில் ஒருவருக்கு மட்டும் நேரும் சிக்கல், ஐந்து பேரில் ஒருவருக்காவது நேர 41 சதவீத வாய்ப்புத்தான் உண்டு. அந்த ஐவரும் ஒரே வகையினர் என்பதும் இந்தக் கணக்கின் உள்ளே ஒளிந்திருக்கும் நிபந்தனை.

வடசென்னை நூலகத்துக்கு வருகிறவர்கள் ஒரே வகையினர் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையில் கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். ஓய்வுபெற்ற பெரியவர்கள் நாளிதழ் படிக்க வருவார்கள். பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுக்கத் தாய்மார்கள் வருவார்கள். நான்காவது வகை முக்கியம்: ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் இருந்துகொண்டு, நூலகப் படி ஏறாதவர்கள். புதிய தளம் அவர்களையும் உள்ளே கொண்டுவரத்தான் என்று திட்டத்தில் எழுதியிருப்பார்கள். சோதனைக்கு மட்டும் அவர்களை யாரும் அழைப்பதில்லை.

வகைக்கு மூன்று பேர் என்று தொடங்குங்கள். நான்கு வகைக்குப் பன்னிரண்டு பேர். வகைக்கு ஒருவரைக் கூடுதலாகச் சொல்லிவையுங்கள், ஒருவராவது வரமாட்டார். பழைய தளத்துக்கான ஆட்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். வீட்டில் தெலுங்கும் உருதும் பேசித் தமிழை மெதுவாகப் படிக்கிறவர்கள் இந்தப் பகுதியில் நிறைய. அவர்களில் இருவராவது பட்டியலில் இருக்கட்டும். பார்வையற்ற வாசகர் ஒருவரை, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளோடு அழைத்து, அவருக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்தினால் தளத்தின் குறை அவர் குறையாகத் தெரியும்.

“இணையம் தெரியுமா” என்று கேட்டு ஆள் எடுக்காதீர்கள். தெரியாது என்பவர் பணம் அனுப்புகிறார், தெரியும் என்பவர் வாட்ஸ்அப் மட்டும் பார்க்கிறார். “போன வாரம் போனில் என்னென்ன செய்தீர்கள்” என்று கேளுங்கள்.

பொறியியல் படிக்கும் அக்கா மகனை உட்கார வைத்துச் சோதனையை முடித்தவர்களும் உண்டு. அவன் எந்தத் தளத்திலும் வழி கண்டுபிடிப்பான்.

7. அவரவர் போனிலேயே செய்யச் சொல்லுங்கள்

நூலகக் கணினியில் சோதனை நடத்துவது வசதிதான். ஆனால் நாங்கள் அழைத்தவர்களில் கணினியில் தளத்தைத் திறப்பேன் என்றவர் இருவர்தான். பெரியவர்களின் போனில் எழுத்தளவு மிகப் பெரிதாக வைக்கப்பட்டிருக்கும். அந்த அளவில் புதிய தளத்தின் மெனுவே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. உங்கள் போனில் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. தமிழ் விசைப்பலகையும் ஆளுக்கொரு விதம். சிலர் தட்டவே மாட்டார்கள், மைக்கைத் தொட்டுப் பேசுவார்கள்.

சொந்தப் போனின் திரையைப் பதிவு செய்தால் இடையில் வரும் குடும்பச் செய்திகளும் பதிவாகிவிடும். தோளுக்குப் பின்னால் நின்று இன்னொரு போனால் திரையை மட்டும் படம்பிடித்தால், செய்தி வரும்போது நிறுத்திக்கொள்ளலாம். இணைய டேட்டாவுக்கு நீங்கள் பணம் கொடுங்கள், நூலக வைஃபையில் இணைக்காதீர்கள். வீட்டில் அவர் பார்க்கும் வேகத்திலேயே பக்கம் திறக்கட்டும்.

8. இடமும் நேரமும்

நூலகரின் அறை வேண்டாம். அவர் எதிரில் அவர் தளத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. படிப்பறையும் வேண்டாம், அங்கே பேச முடியாது. சாலைப் பக்கத்து அறையும் வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஓசையில் எங்கள் முதல் பதிவு முழுவதும் வீணானது. பின்பக்கத்துச் சிறு அறை ஒன்று, மூன்று நாற்காலி, மின்விசிறி போதும். தொலைவிலிருந்து வருகிறவர்களை நினைத்து, மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இடம் பிடிப்பது நல்லது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் அது எளிது.

ஆளுக்கு 45 நிமிடம், இடையில் 20 நிமிட இடைவெளி, ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். இடைவெளி உங்கள் ஓய்வுக்காக மட்டும் இல்லை. குறிப்பைச் சரிபார்க்கவும் அடுத்த கணக்கைத் திறந்துவைக்கவும் அந்த நேரம் வேண்டும்.

தாய்மார்களுக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டபின், பதினொரு மணிவாக்கில். தண்ணீர் லாரி வரும் நாளா என்று கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள். தேர்வு எழுதுகிறவர்களை அவர்கள் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் தொடவே வேண்டாம். காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது அவர்கள் கரையில் இருப்பார்கள். அதே நாட்களில்தான் கையில் காசும் இருக்காது. எனவே டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல், செலவழித்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை வராது என்று நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

9. பேச வேண்டியதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

வந்தவரிடம் “சோதனை”, “தேர்வு” என்ற சொற்களைச் சொல்லாதீர்கள். அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். நான் சொல்வது இது: “ஐயா, இந்த இணையதளம் புதிதாகச் செய்தது. எங்கே குழப்புகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் குழம்பும் இடம்தான் எங்களுக்கு வேண்டும். நான் இதைச் செய்யவில்லை, நீங்கள் என்ன சொன்னாலும் எனக்கு வருத்தம் இல்லை.” கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். தளத்தை உருவாக்கியவரே பேசுகிறவராக உட்காரக்கூடாது என்பதற்குக் காரணம் அதுதான்.

பணத்தைத் தொடக்கத்திலேயே உறையில் கொடுத்துவிடுங்கள். முடிவில் கொடுத்தால், நன்றாகச் செய்தால்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது இந்த முறைக்கு அடிப்படை. நம் ஆட்களுக்கு அது எளிதில் வராது. தனியாகப் பேசிக்கொள்பவரை நாம் என்னவென்று சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் முதலில் நான் ஒரு வேறு செயலியில் பேசிக்கொண்டே ஏதோ தேடிக் காட்டுவேன். அதற்கும் வாய் திறக்காதவர்களை இருவராக உட்கார வைத்துவிடுங்கள். தோழியர் இருவர் ஒரு போனைப் பார்த்தால் “இதை அழுத்து”, “அது வேண்டாம், மேலே பார்” என்று தாமாகவே பேசுவார்கள். தேர்வு மாணவர்களிடமும் தாய்மார்களிடமும் இது மிக நன்றாக வேலை செய்தது. ஆட்களை எண்ணும்போது மட்டும் இருவரையும் ஒருவராகக் கொள்ளுங்கள்.

“இதைத் தொடலாமா சார்?” என்று கேட்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். “நான் இல்லாமல் வீட்டில் இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பின் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். ஒருவர் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் முப்பது நொடி மூன்று நிமிடம் போல இருக்கும். எவ்வளவு நேரத்துக்குப் பின் உதவுவது, முதல் உதவியாக என்ன சொல்வது என்பதையும் தாளில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் ஒரே அளவில் உதவுவீர்கள். நான் இரண்டு நிமிடம் வைத்திருக்கிறேன்.

முடிவில், வந்தவரைத் தளத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லும் படிவம் வேண்டுமா என்று கேட்பார்கள். ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கூற்றுப் படிவம் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறைக் கூற்று. அதைத் தமிழாக்கி “சிக்கலாக இல்லை என்பதை மறுக்கிறேன்” என்ற அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்திய ஒரு படிவத்தைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு பேரின் சராசரியை வைத்து எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை என்றால் விட்டுவிடுங்கள். “திரும்பவும் செய்யச் சொன்னால் எதைச் செய்யத் தயங்குவீர்கள்?” என்ற ஒரு கேள்வி அதைவிட அதிகம் தருகிறது.

10. ஒப்புதல்

அரைப் பக்கம், தமிழில், நீங்களே வாசித்துக் காட்டுங்கள். எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம், எந்த நேரத்திலும் எழுந்து போகலாம். முகத்தைப் படம்பிடிக்கத் தேவையில்லை, திரையும் குரலும் போதும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. பள்ளி மாணவர்கள் வந்தால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளையின் கையெழுத்தும் ஆசிரியரின் வாய்மொழியும் போதாது.

11. ஒத்திகை பாருங்கள்

இரண்டு நாள் முன்னால், திட்டத்தோடு தொடர்பில்லாத ஒருவரை வைத்து முழுவதையும் ஒருமுறை ஓட்டுங்கள். எதிர்த் தேநீர்க்கடைக்காரர் போதும். தளத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உங்கள் பணியின் சொற்கள் புரிகின்றனவா, நேரம் போதுமா, ஓ.டி.பி. வருகிறதா, பதிவு கேட்கிறதா என்று பார்க்கத்தான் இது. எங்கள் ஒத்திகையில் இரண்டு பணிகளை முழுவதும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. இரண்டு நாள் முன்னால் என்று சொல்வது அதற்காகத்தான். முந்தைய மாலை செய்தால் மாற்ற நேரம் இருக்காது.

12. குறிப்புத் தாளும், அதற்குப் பிந்தைய நாளும்

எழுதுகிறவருக்குப் பணிக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் கேட்டது. “குழம்பினார்” என்று எழுதுவது குறிப்பு ஆகாது. “மேலே மூன்று கோட்டை இரண்டு முறை கடந்து போனார், தொடவில்லை” என்பது குறிப்பு. முதலாவதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. இரண்டாவதை வைத்து, மெனுவைத் திறக்கும் அந்த மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் “பட்டியல்” என்று எழுதலாம்.

ஒவ்வொரு நாள் மாலையும், கலைந்து போகும் முன், இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து அன்று கண்ட சிக்கல்களைப் பட்டியலிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பதிவைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்பவர்கள் கேட்பதே இல்லை. வரிசைப்படுத்த இரண்டு கேள்வி போதும்: வேலை நின்றுபோனதா, தாமதமானதா? எத்தனை வகையினருக்கு நேர்ந்தது? நூலகத்துக்கு வந்தே இராதவர், தினமும் வருபவர் இருவரும் ஒரே இடத்தில் நின்றால் அது பட்டியலின் தலைக்குப் போகட்டும்.

தளத்தை உருவாக்கியவர்களின் நாட்காட்டியில், சோதனைக்கு மறுநாளை இப்போதே பிடித்துவைத்துவிடுங்கள். அவர்களில் ஒருவரையாவது சோதனையின்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்க வையுங்கள். முப்பது பக்க அறிக்கை எழுத வேண்டாம். ஐந்து சிக்கல், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடப் பதிவு, யார் எந்தத் தேதிக்குள் திருத்துவார் என்ற ஒரு பத்தி. ஒரே தாள்.

திருத்திய பிறகு இன்னும் மூன்று பேரை அழைத்து, சிக்கல் வந்த பணிகளை மட்டும் திரும்பச் செய்து பாருங்கள். முதல் சுற்றுக்கு வந்தவர்களைக் கூப்பிடாதீர்கள், அவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. எங்களோடு முதல் நாள் உட்கார்ந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இப்போது படிப்பறையில் மற்றவர்களுக்குப் புதுப்பிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். இரண்டாம் சுற்று நடந்த நாளில் அவரை வெளியே டீ வாங்கித் தரச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.